பழைய நடமாடும் மர அறுவை இயந்திரம்: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி வட்டத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் தோட்டம் உள்ளது. என் தந்தை வரப்போரமாக வைத்த தேக்கில், கஜா புயலுக்குத் தப்பியவை 140 மரங்கள் நிற்கின்றன. சராசரியாக நடுச் சுற்றளவு 3 அடி, பயன்படும் நீளம் 15 அடி இருக்கும். பலாவும் வேம்பும் கொஞ்சம் உண்டு. நிற்கும் மரத்துக்கு வியாபாரிகள் சொல்லும் விலை கட்டுப்படியாகவில்லை. கேரளத்தின் பெரும்பாவூரில் ஒருவர் 2016-இல் வாங்கிய நடமாடும் பேண்ட்சா (பட்டை ரம்ப) இயந்திரத்தை நான்கரை லட்சம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். பெட்ரோல் இன்ஜின், 158 அங்குல பிளேடு, மீட்டரில் 1,100 மணி நேரம் ஓடியதாகக் காட்டுகிறது. ஐம்பதாயிரம் முன்பணம் கேட்கிறார். எங்கள் மரத்தை அறுத்து முடித்தபின் அக்கம்பக்கத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்க் கூலிக்கு அறுக்கலாம் என்று என் மகன் விரும்புகிறான். வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

முன்பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். அந்த இயந்திரம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் வனத்துறையிடமிருந்து எழுத்துப்பூர்வமான பதில் ஒன்றும், உங்கள் கண் முன்னால் அந்த இயந்திரம் அறுத்துக் காட்டிய பலகை ஒன்றும் கையில் வரும்வரை ஒரு ரூபாய்கூட அதில் இறங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இயந்திரத்தின் நிலைமையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், உரிமத்தைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

நம் நாட்டில் மர அறுவை ஆலை என்பது நினைத்தவுடன் தொடங்கக்கூடிய தொழில் அன்று. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதை எதிர்த்து, கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் சென்றார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த உத்தரவும் அதைத் தொடர்ந்து வந்த உத்தரவுகளும் நாடு முழுவதும் உரிமமில்லாத மர ஆலைகளின் கதவை அடைத்தன. இப்போது மாநில அளவிலான குழு ஒன்றின் ஒப்புதலோடுதான் புதிய மர ஆலைக்கு உரிமம் கிடைக்கும். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள், அறிவிக்கப்பட்ட காட்டின் எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 10 கிலோமீட்டருக்குள் மர ஆலை அமைவதைப் பொதுவாகத் தடுக்கின்றன. தொழிற்பேட்டை, நகராட்சிப் பகுதி போன்ற இடங்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் மாவட்டத்தில் காப்புக்காடுகள் ஒரே பரப்பாக இல்லாமல் துண்டு துண்டாகக் கிடப்பதால், உங்கள் தோட்டம் எந்தக் காட்டுத் துண்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை நீங்களாக முடிவு செய்ய முடியாது. மாவட்ட வன அலுவலகம்தான் சொல்ல வேண்டும்.

இதில் உங்கள் மகனின் திட்டத்துக்கு நேரடியாக இடைஞ்சலாக நிற்கும் செய்தி ஒன்று உண்டு. சட்டம் மர ஆலையை அது நிற்கும் இடத்தோடு சேர்த்தே பார்க்கிறது. இயந்திரத்துக்குச் சக்கரம் இருப்பதால் உரிமமும் கூடவே உருண்டு போகாது. தோட்டந்தோட்டமாகக் கொண்டுபோய்க் கூலிக்கு அறுப்பது வெளிநாட்டுக் காணொளிகளில் இயல்பாகத் தெரியும். இங்கே அதே வேலையை அனுமதியின்றிச் செய்தால் இயந்திரமும் மரமும் பறிமுதலாகும் நிலை வரலாம். ஆகவே மாவட்ட வன அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். பட்டா எண், மரங்களின் எண்ணிக்கை, இயந்திரத்தின் வகை, குதிரைத்திறன் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, சொந்தப் பட்டா மரத்தை மட்டும் அறுப்பதற்கு என்ன அனுமதி தேவை, பிறர் மரத்தை ஒரே இடத்தில் வைத்து அறுப்பதற்கு என்ன தேவை, இடம் மாற்றி அறுப்பதற்கு வழி உண்டா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். வாய்மொழியாக ஒருவர் 'பரவாயில்லை' என்று சொன்னதை நம்பி லட்சக்கணக்கில் பணத்தைப் போட்டுவிடாதீர்கள். அறுத்த தேக்கை வெளியே கொண்டுபோவதும் தனியாக ஒரு படி. 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகள் இன்னமும் நடைமுறையில் இருப்பதால், கிராம நிர்வாக அலுவலரின் சான்று, வனத்துறையின் அனுமதி ஆகியவற்றை வெட்டுவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்களிடம் இருக்கும் மரத்தின் கணக்கு. சுற்றளவில் கால் பங்கை அதே கால் பங்கால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கும் நம் ஊர் முறைப்படி பார்த்தால், 36 அங்குலச் சுற்றளவுக்குக் கால் பங்கு 9 அங்குலம். 15 அடி நீளத்துக்கு ஒரு மரம் ஏறக்குறைய எட்டரை கன அடி வரும். 140 மரத்துக்கு 1,180 கன அடி. நீங்கள் எழுதியுள்ள வகை இயந்திரத்தில் இரண்டு மூன்று பேர் சீராக வேலை செய்தால் நாளொன்றுக்கு 50 முதல் 80 கன அடி உருட்டுமரம் அறுக்கலாம் என்பது என் அனுபவக் கணக்கு. அப்படியென்றால் உங்கள் தேக்கு முழுவதும் மூன்று நான்கு வாரங்களில் அறுபட்டுவிடும். அதன்பின் அந்த இயந்திரம் ஊர் மரத்தை நம்பித்தான் நிற்க வேண்டும். ஊர் மரத்தை அறுக்க உரிமம் கிடைக்காவிட்டால், நான்கரை லட்சம் ரூபாய் ஒரு தகரக் கொட்டகையின் கீழ் துருப்பிடிக்கும். அந்த நிலை வருமென்றால், புதுக்கோட்டையிலோ காரைக்குடியிலோ உரிமம் பெற்ற மில்லில் அறுப்புக்கூலி கொடுத்து அறுத்துக்கொள்வதே உங்களுக்கு லாபம். வியாபாரியிடம் நின்ற மரமாக விற்பதற்கும் சொந்த இயந்திரம் வாங்குவதற்கும் நடுவில் இந்த வழி இருக்கிறது; உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லாததால் அழுத்திச் சொல்கிறேன்.

உரிமத்துக்கு வழி உண்டு என்று பதில் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு இனி இயந்திரத்துக்கு வருகிறேன். இந்த வகை இயந்திரத்தின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குல அகலமும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமும் கொண்ட பிளேடு ஓடுவதால், ஒவ்வோர் அறுப்பிலும் தூளாகப் போவது சுமார் 2 மில்லிமீட்டர்தான். நம் ஊர் மில்களில் உள்ள அகலப் பட்டை பேண்ட்சாவில் 3 முதல் 4 மில்லிமீட்டர் போகிறது. பத்தங்குலம், அதாவது 250 மில்லிமீட்டர் உயரமுள்ள சதுரக் கட்டையில் 25 மில்லிமீட்டர் பலகை எடுத்துப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் தூள் போனால் ஒன்பது பலகை கிடைக்கும். நான்கு போனால் எட்டோடு நிற்கும். தேக்கு போன்ற மரத்தில் கட்டைக்கு ஒரு பலகை கூடுதல் என்பது அறுப்புக்கூலியையே ஈடுகட்டிவிடும்.

பழைய இயந்திரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தையும் பெயின்ட்டையும் மீட்டரில் உள்ள மணிக்கணக்கையும் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். இன்ஜின் கெட்டால் வேறு இன்ஜின் வைத்துக்கொள்ளலாம். பிளேடு சுற்றும் அறுப்புத் தலையைத் தாங்கும் இரும்புச் சட்டம் முறுக்கேறியிருந்தாலோ, அது ஓடும் தண்டவாளம் வளைந்திருந்தாலோ, அந்த இயந்திரம் இனி நேராக ஒரு பலகையும் தராது. அதைக் கண்டுபிடிக்க இருக்கும் நேர்மையான ஒரே வழி அறுத்துப் பார்ப்பதுதான். எனவே விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, ஒன்றரை அடி குறுக்களவும் பத்தடி நீளமும் உள்ள ஓரளவு கடினமான உருட்டுமரம் ஒன்றைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள். மரத்துக்கான காசை நீங்களே கொடுத்துவிடுங்கள். அது வீண் செலவல்ல. அந்த இயந்திரத்துக்குப் பொருந்தும் புது பிளேடு ஒன்றையும் வாங்கிக்கொண்டு போங்கள்.

முதலில் அவர் மாட்டியிருக்கும் பிளேடிலேயே ஒரு பக்கம் தட்டையாக எடுக்கச் சொல்லி, கட்டையைப் புரட்டிச் சதுரமாக்கி, கடைசியாக அறுத்த முகம் கீழே படுகையில் (கட்டை கிடக்கும் மேடையில்) படும்படி ஒருமுறை தலைகீழாகத் திருப்பியபின், உங்கள் புது பிளேடை மாட்டி, முழு அகலத்தில் ஓர் அங்குலப் பலகை இரண்டு எடுக்கச் சொல்லுங்கள். முதலில் வந்த பலகையைக் கீழே வைத்து, வெர்னியர் அளவுகோலால் இரண்டு ஓரங்களிலும் முன்முனை, நடு, பின்முனை ஆகிய மூன்று இடங்களில் கனத்தை அளந்து எழுதுங்கள். ஆறு அளவுகளுக்குள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் இயந்திரத்தின் எலும்பு நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். ஓர் ஓரம் முழுக்கக் கனமாகவும் மறு ஓரம் முழுக்க மெல்லியதாகவும் இருந்தால் தலை படுகைக்குச் சமமாக இல்லை. பல நேரங்களில் போல்ட்டைத் திருகிச் சரிசெய்யக்கூடிய குறைதான், ஆனால் அதை அவரையே அங்கேயே சரிசெய்யச் சொல்லி மறுபடி அறுத்துப் பாருங்கள். சரிசெய்ய முடியாமல் காரணம் சொன்னால் சட்டம் முறுக்கியிருக்கிறது என்று பொருள். நடுவில் மட்டும் கனம் மாறினால் தண்டவாளத்தின் மேல் சந்தேகம் விழ வேண்டும். எனினும் மரத்துக்குள் இருக்கும் இழுவிசை அறுக்கும்போது அவிழ்ந்து கட்டையே வில்லாக வளைவதும் உண்டு என்பதால், மீதிக் கட்டை படுகையை விட்டு நடுவிலோ முனையிலோ எழும்பியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எழும்பியிருந்தால் பழி மரத்தின் மேல்; படிந்தே இருந்தால் இயந்திரத்தின் மேல்.

பலகையின் முகத்தில் அலை அலையாக ஏற்ற இறக்கம் தெரிந்தால், அது பழைய பிளேடில் மட்டும் வந்ததா, புது பிளேடிலும் வந்ததா என்பதுதான் கேள்வி. பழையதில் மட்டும் என்றால் பல் மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். புதியதிலும் வந்தால் பிளேடின் இழுவிசை நிற்கவில்லை அல்லது வழிகாட்டி உருளைகள் தேய்ந்துவிட்டன. இன்ஜினை நிறுத்திச் சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்டு, தலையின் மூடியைத் திறந்து இதைப் பாருங்கள். இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் பிளேடு இரும்புச் சக்கரத்தின் மேல் நேராக ஓடாது. சக்கரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் பெல்ட்டின் மேல் ஓடும். ரப்பர் தேய்ந்து பிளேடு இரும்பைத் தொட்டிருந்தால் சக்கரத்தின் விளிம்பில் பளபளவென்று ஒரு கோடு தெரியும். பெல்ட் மலிவுதான், கோடு ஆழமாகப் பதிந்த சக்கரம் மலிவல்ல. சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கடகடப்பு இருக்கக் கூடாது. வழிகாட்டி உருளையின் விளிம்புக்கும் பிளேடின் முதுகுக்கும் இடையே, அறுக்காதபோது சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இடைவெளியே இல்லாமல் முதுகு உரசிக்கொண்டே ஓடியிருந்தால் உருளையில் பள்ளம் விழுந்திருக்கும், அந்த உரசலில் பிளேடுகள் சீக்கிரமே விரிசல் கண்டு அறுந்திருக்கும். அவரிடம் கிடக்கும் பழைய பிளேடுகளை எடுத்துப் பல்லின் அடிவளைவுகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விரிசல் இருந்தால் அந்த இயந்திரம் எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதை அவர் வாய் திறக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

படுகையின் இரு தண்டவாளங்களிலும் கொத்தனார் நூலைப் பிடித்துப் பாருங்கள்; மூலைக்கு மூலை குறுக்காக அளந்து இரண்டும் சமமா என்றும் பாருங்கள். தலையைத் தாங்கும் தூண் படுகையோடு சேரும் இடத்தில் மறுவெல்டிங்கோ, அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட்டோ இருந்தால் கேள்வி கேளுங்கள். பெரிய கட்டையை உருட்டிவிட்டு இடித்த அடி பெரும்பாலும் அங்கேதான் தெரியும். உயரம் காட்டும் அளவுகோலில் ஓர் அங்குலம் இறக்கினால் தலை உண்மையிலேயே ஓர் அங்குலம் இறங்குகிறதா என்பதையும் இரண்டு மூன்று முறை சோதியுங்கள்.

மீட்டரில் உள்ள 1,100 மணி நேரம் என்னை மகிழ்விக்கவில்லை. 2016 முதல் அவ்வளவுதான் ஓடியது என்பது உண்மையானால், அந்த இயந்திரம் நீண்ட காலம் சும்மா நின்றிருக்கிறது. மழை பெய்யும் பெரும்பாவூரில் சும்மா நின்ற இயந்திரத்துக்கு ஓடிய இயந்திரத்தைவிட அதிகப் பரிசோதனை தேவை. பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகியிருக்கும், ரப்பர் வெடித்திருக்கும், பேரிங்குகளில் துரு ஏறியிருக்கும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு அங்கேயே தங்கிவிடுங்கள். பிற்பாடு மின் மோட்டார் மாட்டும் எண்ணம் இருந்தால், விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பில் அதை ஓட்டக் கூடாது. அது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்கீழ் அனுமதியற்ற பயன்பாடாகும். தனி இணைப்பு வாங்க வேண்டும்.

வாங்கிய பிறகு வரும் செலவில் பெரும்பங்கு பிளேடில்தான் போகும். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதால் அது பல்லை வேகமாக மழுக்கும். பலாவின் பால் பிளேடில் ஒட்டிப் படலமாகும், அதனால் தண்ணீர் சொட்டும் அமைப்பு நன்றாக வேலை செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தில் தென்னை அறுக்கச் சொல்லி வந்தால், வெளிப்புற வைரப்பகுதியைச் சாதாரண பிளேடு தாங்காது என்று முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு மணி நேரம் தொடர்ந்து அறுத்தால் பிளேடைக் கழற்றிச் சாணைக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாணை பிடித்தால் மட்டும் போதாது, பல்லை இருபுறமும் அளவாகத் திருப்பி வைக்கவும் வேண்டும். இந்த இரண்டு வேலைக்குமான சிறு இயந்திரங்களை விற்பவர் வைத்திருந்தால் அவற்றையும் சேர்த்து விலை பேசுங்கள். நான் அவற்றைக் கூடுதல் இன்ஜினைவிடப் பெரிதாக மதிப்பேன். அவை இல்லையென்றால், பிளேடைச் சாணைக்கு எங்கே அனுப்புவீர்கள், திரும்பி வர எத்தனை நாளாகும் என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள்.

ஊர் மரத்தில் இன்னொரு தொல்லை ஆணி. வேலியோர மரங்களில் முள்கம்பி புதைந்திருக்கும், சாலையோர மரங்களில் விளம்பரப் பலகை அடித்த ஆணி இருக்கும், புளியமரத்தில் பேயோட்ட அடித்த ஆணியும் இருக்கும். பட்டை மூடி வளர்ந்துவிட்டால் வெளியே தெரியாது. கையில் பிடித்துத் தடவும் உலோகங்காட்டி ஒன்று முதல் மாதத்திலேயே தன் விலையை மீட்டுத் தரும்.

உங்கள் மகன் இதை ஓட்டப்போகிறார் என்பதால் இதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த பிளேடு அறுந்தால் நொடியில் பாயும். மூடிகள் அனைத்தும் இடத்தில் இருக்கிறதா, தலை அறுக்கும் திசைக்கு நேரே யாரும் நிற்காமல் வேலை செய்ய இடம் இருக்கிறதா, அவசர நிறுத்தப் பொத்தான் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பல விற்பனையாளர்கள் வசதிக்காக மூடியைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அதைத் தேடிக் கொடுக்காதவரை இயந்திரத்தை ஏற்றாதீர்கள். சுருட்டிய பிளேடை அவிழ்ப்பதை உங்கள் மகன் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரிடம் நேரில் பழகிக்கொள்ளட்டும்.

காகிதங்களில் மூன்றைக் கேளுங்கள். முதலில் வாங்கியபோது கொடுத்த அசல் ரசீது, அதிலுள்ள இயந்திர எண்ணும் இன்ஜின் எண்ணும் தகட்டில் உள்ளவையோடு ஒத்துப்போக வேண்டும். வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் கடன் தீர்ந்ததற்கான சான்று. விற்பவருக்கு இருந்த மர ஆலை உரிமத்தின் நகல். கடனில் அடமானமாக இருக்கும் இயந்திரத்தை வாங்கினால் வங்கி உங்கள் தோட்டத்துக்கே வந்து நிற்கலாம்.

விலையைப் பொறுத்தவரை, அறுத்த பலகை ஒரு மில்லிமீட்டருக்குள் நின்று, காகிதமும் மூடிகளும் சரியாக இருந்தால், பெல்ட், பேரிங், உருளை ஆகியவை மாற்ற ஆகும் செலவைக் கடையில் விசாரித்து அந்தத் தொகையை அவர் கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். அவர் அறுத்துக் காட்ட மறுத்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்குவது என்று முடிவானால், தலையைப் படுகையிலிருந்து பிரித்துத் தனியாகக் கட்டி லாரியில் ஏற்றுங்கள். கட்டாமல் ஏற்றிய தலை பாலக்காட்டைத் தாண்டுவதற்குள் தண்டவாளத்தை வளைத்துவிடும்.

வன அலுவலகத்தின் பதில் வந்ததும் அதன் நகலையும், பெரும்பாவூரில் நீங்கள் அளந்து எழுதிய ஆறு அளவுகளையும், சக்கர விளிம்பின் படத்தையும் எனக்கு அனுப்பி வையுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்பதை ஒரே வரியில் எழுதுகிறேன்.